செல்லரித்தலும் உளுத்தலும்

மரம் கெட்டதென்பதைத் தமிழ் மக்கள் இருவேறு சொற்களாற் கூறுவர். பரண்மேற் கிடந்த பலகையொன்றை மண் மூடியிருக்க, அம்மண்ணைத் தட்டிப் பார்க்குங்கால் மரம் அடுக்கடுக்காய்த் தின்னப்பட்டிருப்பின், அதனைச் 'செல்லரித்தது' என்பர். புறத்தே உருவங் குன்றாது நின்ற மரம், கைபட்டவுடன் மாவாய் உதிருமாயின், அதனை 'உளுத்தது' என்பர். செல் என்பது கறையான். சிதல் என்பதும் அதுவே. உளு என்பதோ மரத்தைக் குடையும் புழுவையும், அப்புழுவால் நேருங் கேட்டையும் குறிப்பதாகும். ஆகவே இவ்விரு சொற்களும் ஒருபொருட் கிளவிகள் அல்ல. இரண்டின் தொழிலும் வேறென்பதைக் கண்டே மக்கள் இரண்டிற்கும் வேறு பெயரிட்டனர்.

இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று என்பதைத் தருமபுரி மாவட்டத்துக் காடுகளிலும் தோப்புகளிலும் வாழும் இரண்டு பூச்சிகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். ஒன்று, புற்றெடுக்குங் கறையான். மற்றொன்று, மாமரத் தண்டு துளைப்பான் என்று தோட்டக்காரர் வழங்கும் நெடுங்கொம்பு வண்டு. இது வெறுஞ் சொல்லாராய்ச்சியாய் முடிவதன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோன் குற்றமற்ற பூச்சிக்கு நஞ்சு வார்த்துக் குற்றமுள்ள பூச்சிக்குக் காலங் கொடுப்பான். அதற்குள் காய்த்துக் குலுங்கிய மரம் பட்டுப்போம்.

நிலமும் காடும்

பண்டைத் தகடூரே இன்றைத் தருமபுரி. சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த இந்நாடு 1965ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருட்டினகிரி இதனின்று பிரிந்தது. மேற்கே காவிரி ஒகேனக்கல்லில் பாறையிடுக்குகளினூடே வீழ்ந்தோடுகின்றது. கிழக்கே அரூர்ப் பக்கம் சித்தேரி மலைகள் எழுகின்றன. நடுவே வத்தல்மலை நிற்கின்றது. காவிரியை ஒட்டிய காடுகளிற் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு என்றும், 2022இல் காவிரி தெற்கு என்றும் பெயரிய வனவிலங்குச் சரணாலயங்களுட் சேர்க்கப்பட்டது.

மழை ஆண்டொன்றுக்கு ஆயிரம் மில்லிமீட்டரினும் குறைவாகவே பெய்யும் இந்நாட்டில் காடுகளும் வறண்ட காடுகளே. உசில், வேம்பு, நெல்லி, சந்தனம், மூங்கில் முதலியன ஆங்காங்கு வளர்கின்றன. மழைவளம் மிக்க மலைக்காடுகளில் உதிர்ந்த இலையும் முறிந்த கிளையும் ஈரத்தால் விரைந்து மட்கும். வறண்ட காட்டிலோ அவை திங்கள் பலவும் காய்ந்தே கிடக்கும். காய்ந்து கிடப்பவற்றை மீண்டும் மண்ணாக்கும் வேலையிற் பெரும்பங்கு இங்கே பூச்சிகளைச் சார்ந்துள்ளது. ஆதலின் இவ்விரு பூச்சிகளையும் அறிவது இக்காட்டையே அறிவதாகும்.

பிறப்பும் வளர்ச்சியும்

கறையானை ஆங்கிலேயர் வெள்ளெறும்பு என்று வழங்கியதுண்டு. அஃது எறும்பினம் அன்று. எறும்பு குளவிக்கும் தேனீக்கும் உறவு. கறையான் கரப்பானுக்கு உறவு. மரபணுக்களை ஒப்பிட்ட அறிஞர், கறையான்களைத் தனி வரிசையாக வைத்தல் பொருந்தாதென்றும், அவை கரப்பான் வரிசைக்குள்ளேயே அடங்குவனவென்றும் 2007இல் எடுத்துக்காட்டினர். உலகில் அறியப்பட்ட கறையான் வகைகள் ஏறத்தாழ 3,000. இவற்றுள் நம் நாட்டில் உயர்ந்த புற்றெழுப்பும் வகையை ஓடோன்டோடெர்மெஸ் ஓபீஸஸ் என்று பூச்சிநூலார் அழைப்பர்.

தண்டு துளைப்பானோ வண்டினத்தைச் சார்ந்தது. அதன் நூற்பெயர் பாட்டோசெரா ரூபோமாகுலேட்டா. தலையினின்று நீளும் உணர்கொம்புகள் உடலினும் நீண்டு வளைந்திருத்தலின் இதன் குடும்பத்தை நெடுங்கொம்பு வண்டுகள் என்பர். அக்குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ 35,000 வகைகள் உள. நம் வண்டு சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தது. சிறகுறைகளில் வெளிறிய மஞ்சட் புள்ளிகள் சிதறியிருக்கும். நீளம் ஐந்து சென்டிமீட்டர் வரையிலுமாம்.

இவை வளரும் முறையிலேதான் இரண்டின் வேறுபாடும் தொடங்குகின்றது. கறையான் முட்டையினின்று வெளிவருவது உருவிற் சிறிய கறையானே. அதற்குக் கால்கள் உள. சில முறை தோலுரித்த பின் வேலை செய்யவும் வல்லதாகின்றது. எனவே ஒரு தாய்தந்தையர் வயிற்றுப் பிள்ளைகளே ஒரு பெரும் படையாய் அமைதல் கூடும். வண்டின் முட்டையினின்று வருவதோ வண்டன்று, புழு. அதற்குக் கால்கள் இல்லையென்றே கூறலாம். கண்ணுக்கும் வேலையில்லை. தடித்த வெண்ணிற உடலும் வலிய தாடைகளுமே அதன் உடைமை. மரத்திற்கு வெளியே விடப்பட்டால் அஃது ஒரு நாளும் பிழையாது. ஆதலின் தாய் வண்டு தன் பிள்ளையை உணவின் நடுவிலேயே வைத்தல் வேண்டும். அது மரப்பட்டையைக் கடித்துச் சிறு பிளவு செய்து, பிளவொன்றுக்கு ஒரு முட்டையாக இட்டுச் செல்கின்றது.

கறையான் உணவைத் தேடிச் செல்லும் உயிர். தண்டு துளைப்பான் உணவினுள்ளே பிறக்கும் உயிர். இனிக் கூறப்போவன யாவும் இவ்வொன்றினின்று கிளைப்பனவே.

கூட்டமும் தனிமையும்

கறையான் புற்றில் அரசனும் அரசியும் வாழ்நாள் முழுதும் ஓரறையில் உறைவர். எறும்பினத்தில் ஆண் கூடியபின் மாண்டுபோம். கறையானிலோ அரசன் உடன் வாழ்வான். அரசியின் வயிறு முட்டைகளால் விம்மி விரல் போற் பெருத்து, தானாக நகரவும் ஒண்ணாததாகும். வேலையாட்கள் ஆணும் பெண்ணுமாய்க் கலந்தவர், கண்ணற்றவர், உணவு கொணர்தல், மண் சுமத்தல், குஞ்சு பேணல் ஆகிய எல்லாம் அவர் தொழில். போர்வீரர் பெருந்தலையும் வளைந்த தாடையும் உடையர். அத்தாடை போருக்கன்றி உணவிற்கு உதவாமையின் அவர்க்கு வேலையாட்களே ஊட்டுதல் வேண்டும். மழை பெய்து நிலம் நனைந்த மாலைப்பொழுதில் சிறகுடைய ஆண்களும் பெண்களும் ஈசலாய்ப் புறப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலன பறவைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் இரையாகும். மக்களும் அவற்றைப் பிடித்து வறுத்துண்பர். எஞ்சிய சிலவே சிறகுதிர்த்து, இணை இணையாய் மண்ணுட் புகுந்து, புதிய குடி நிறுவும்.

தண்டு துளைப்பானுக்கு அரசும் இல்லை, குடியும் இல்லை. புழு முதலிற் பட்டையின் கீழும், பின்பு மரத்தினுள்ளும் தன்னந்தனியே குடைந்து செல்கின்றது. ஓராண்டோ அதற்கு மேலுமோ இவ்வாறு உண்டு, ஒன்பது பத்துச் சென்டிமீட்டர் அளவும் வளர்ந்து, மரத்தினுள்ளேயே ஓர் அறை குடைந்து கூட்டுப்புழுவாய் உறங்கும். மழைக்காலத்தை ஒட்டி வண்டாகித் துளையிட்டு வெளியேறும். தாயைப் பிள்ளை காண்பதில்லை; பிள்ளையைத் தாய் காண்பதில்லை.

மரத்தை உண்ணும் வகை

மரம் எளிதில் உண்ணத்தக்க பொருளன்று. அதன் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அந்நாரை லிக்னின் என்னும் மற்றொரு பொருள் சுண்ணச்சாந்து போற் பிணைத்து நிற்கின்றது. மரத்தில் நம் உடம்பை வளர்க்கும் சத்து மிகக் குறைவு. இவ்விடர்ப்பாட்டை இரு பூச்சிகளும் இரு வகையாற் கடக்கின்றன.

புற்றுக் கறையான் உழவு செய்கின்றது. வேலையாட்கள் கொணர்ந்த மரத்துகளையும் சருகையும் உண்டு, அரைகுறையாய்ச் செரித்த நிலையில் அவற்றைக் கழித்து, அதனாற் கடற்பஞ்சு போன்ற கூடுகளைப் புற்றினுட் கட்டுகின்றன. அக்கூடுகளில் டெர்மிட்டோமைசிஸ் என்னும் காளான் வளர்கின்றது. லிக்னினைச் சிதைக்கும் வேலையை அக்காளானே செய்கின்றது. சிறு வெண்முத்துக்கள் போல் அதன்மேல் தோன்றுவனவற்றையும், பழுத்த கூட்டையும் கறையான்கள் உண்கின்றன. மழைக்குப் பின் புற்றின்மேலும் அதனைச் சூழ்ந்தும் முளைக்கும் புற்றுக்காளான் இத்தோட்டத்தின் பூவேயாம். ஆப்பிரிக்காவில் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வுழவு தொடங்கியதென்று அறிஞர் கணித்துள்ளனர். மனிதன் ஏர் பிடித்து ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளே ஆயின.

இக்காளான் தோட்டத்தை மேனாட்டறிஞர்க்கு முதலில் அறிவித்த செய்தி நம் தமிழ்நாட்டினின்றே சென்றதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது. லின்னேயஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தவர் யோகான் கெரார்டு கேனிக். அவர் தஞ்சைப் பகுதிக் கறையான்களை ஆராய்ந்து ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியாயிற்று. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஸ்மீத்மன் என்பார் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரை இலண்டனில் வெளிவந்தது அதற்கு ஈராண்டு கழித்தே.

தண்டு துளைப்பானுக்குத் துணைப்பயிர் இல்லை. நெடுங்கொம்பு வண்டுகளின் புழுக்கள் நாரைக் கரைக்கும் செரிநீரைத் தம் குடலிலேயே சுரக்கின்றன. ஆயினும் ஒரு சிறு சத்துக்காக மிகுந்த மரத்தைத் தின்னுதல் வேண்டும். பட்டையை அடுத்துள்ள பகுதி சத்தோட்டம் உடையதாதலின் புழு முதலில் அதனையே நாடுகின்றது. அவ்விடமே மரத்தின் உயிர்நிலை. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவதும், வேர் உறிஞ்சிய நீர் இலைக்கு ஏறுவதும் அவ்வழியே. புழு அதனைச் சுற்றி அறுத்துவிடின், வேரும் இலையும் நலமாயிருந்தும் மரம் மாளும்.

வீடும் அடையாளமும்

கறையானின் உடல் மெல்லியது. வெயிலும் வறண்ட காற்றும் அதனைக் கொல்லும். எறும்பு அதன் நீங்காப் பகை. ஆதலின் அது செல்லுமிடமெல்லாம் மண்ணால் கூரை வேய்ந்துகொண்டே செல்கின்றது. மரத்தின்மேற் படரும் மண்பூச்சு அக்கூரையே. அதன் தலைநகரமாகிய புற்றோ பெருங் கட்டடம். பெங்களூரில் இவ்வகைப் புற்றுக்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட அறிஞர், பகலில் புற்றின் ஓரத்து மெல்லிய விலாப்புறங்கள் விரைந்து சூடேறுவதால் ஆங்குக் காற்று மேலெழுந்து நடுவே கீழிறங்குகின்றதென்றும், இரவில் அவ்வோட்டம் தலைகீழாய் மாறுகின்றதென்றும் கண்டனர். பகலிரவு மாறி வருவதே புற்றுக்கு மூச்சாகின்றது. இத்தகைய வீட்டிற் பாம்பு குடிபுகுந்தாற்போல என்று நம் மக்கள் பழமொழி கூறுவதும் வியப்பன்று. வெம்மையும் ஈரமும் அளவாய் அமைந்த வீட்டை எவ்வுயிர்தான் விரும்பாது?

தண்டு துளைப்பானுக்கு வீடு வேறு, உணவு வேறு என்பதில்லை. மரமே அதன் கூரை. மரமே அதன் சோறு. அது வெளியே காட்டும் அடையாளம், துளையினின்று உதிரும் மரத்தூளும், கழிவும், கசியும் பாலுமே.

இனி, இவ்வாராய்ச்சியின் பயனைக் கூறுவாம். பாலக்கோடு, காரிமங்கலம் முதலிய இடங்களைச் சூழ்ந்து மாந்தோப்புகள் மிகுதி. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாங்காய் பழச்சாற்று ஆலைகளுக்குச் செல்கின்றது. ஒரு மரம் பலன் தரத் தொடங்கப் பல ஆண்டு வேண்டும். பட்டுப்போக ஒரு பருவம் போதும். அத்தகைய தோப்பில் ஒரு கிளை வாடுகின்றது எனக் கொள்வோம். உரியவர் அடிமரத்தை நோக்குகின்றார், மண்பூச்சுப் படர்ந்திருக்கின்றது. கறையானே மரத்தைத் தின்கின்றதெனத் துணிந்து, வேரடியில் நஞ்சு வார்க்கின்றார். கறையான் ஒழிகின்றது, கிளையோ மேலும் வாடுகின்றது. ஏன்? முற்றிய மரத்தின்மேற் படரும் கறையான் பெரும்பாலும் செத்த புறப்பட்டையையே தின்கின்றது. கிளை வாடியது மேலே ஒரு துளையினுள் இருக்கும் புழுவினால். கறையான் கண்ணுக்குத் தெரிந்தமையாற் பழி ஏற்றது; புழு தெரியாமையால் தப்பியது.

மண் காணப்படின் கறையான்; மரத்தூள் காணப்படின் துளைப்பான். இதுவே முதற்பாடம். கறையானைப் பொறுத்தவரை, மண்பூச்சைத் தட்டிவிடுவதும், மட்காத எருவை வேரடியில் இடாமையும் பெரும்பாலும் போதும். வேரூன்றாத இளங்கன்றுகளுக்கு மட்டும் வறட்சிக் காலத்திற் கறையான் மெய்யான கேடு செய்யும். அவற்றிற்கு நீர் தவறாது பாய்ச்சுதல் வேண்டும். துளைப்பானுக்கோ வேரடி மருந்தால் பயனில்லை. தூள் உதிரும் துளையைக் கண்டு, கம்பியைச் செலுத்திப் புழுவைக் குத்தியெடுத்தல் வேண்டும். எட்டாதாயின், மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தோய்த்த பஞ்சைத் துளையுட் செலுத்திக் களிமண்ணால் அடைத்தல் வேண்டும். பட்ட கிளையையும் பட்ட மரத்தையும் தோப்பிலேயே விட்டுவைத்தல் ஆகாது. அவற்றினுள் அடுத்த ஆண்டின் வண்டுகள் உறங்குகின்றன. இவ்வண்டு காட்டிலுள்ள இலவிலும் அத்தியிலும் வாழ்வதாதலின், காட்டோரத் தோப்புடையார் ஆண்டுதோறும் மழை தொடங்கியபின் மரங்களைச் சுற்றி நோக்குதல் நலம்.

மரத்தினுள் மறைந்து வாழும் இவ்வியல்பு உலகளாவிய இடரும் ஆயிற்று. சீனத்து நெடுங்கொம்பு வண்டொன்று சரக்குப் பெட்டிகளின் பலகையினுட் புழுவாய்ப் பயணஞ் செய்து, 1996இல் நியூயார்க் நகரத்து மரங்களிற் காணப்பட்டது. அதனை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டவேண்டியதாயிற்று. இதனால் நாடுவிட்டு நாடு செல்லும் பெட்டிப் பலகைகளைச் சூடேற்றியோ மருந்துப் புகையூட்டியோ அனுப்புதல் வேண்டுமென்று 2002இல் உலக விதி ஏற்பட்டது.

காட்டில் இவற்றின் நன்மை

தோப்பிற் பகையாவன காட்டிலும் பகையே என்று கொள்ளற்க. கறையான் கீழ்மண்ணை மேலே கொணர்கின்றது, அது குடைந்த வழிகளால் மழைநீர் நிலத்துட் புகுகின்றது, சருகு எருவாகின்றது. கரடியும் அழுங்கும் புற்றைக் கிளறி உண்டு வாழ்கின்றன. துளைப்பான் புழுவோ மரங்கொத்திக்கு விருந்து. அன்றியும், வண்டு குடைந்த துளை வழியே பூஞ்சணமும் நீரும் புகுந்தாலன்றி வன்மரம் விரைவில் மட்காது. பின்னர் மண்ணில் வீழ்ந்த அம்மரத்தைக் கறையான் எடுத்துக்கொள்கின்றது. ஒன்று மரத்தின் உள்ளிருந்து தொடங்கியதை மற்றொன்று வெளியிருந்து முடிக்கின்றது.

தமிழ் மாணவர்க்கு ஒரு சொல்

இவ்விரு வகைக் கேடும் காட்டோடும் தோப்போடும் நின்றனவல்ல. நம் ஏட்டுச்சுவடிகளையும் தொட்டன. மண்படிந்து ஓரமெல்லாம் அரிக்கப்பட்ட ஏடு செல்லரித்த ஏடு. அம்பு பாய்ந்தாற்போல் இதழ் பலவற்றையும் ஊடுருவிய சிறு துளைகள் உடைய ஏடு வேறு பூச்சியின் வேலை. அதனை 'இராமபாணம்' என்று நம் முன்னோர் அழைத்தனர். அத்தகைய துளையிடும் புழுக்களுட் சில, மரந்துளைக்கும் வண்டுகளுக்கு உறவாகிய சிறு வண்டுகளின் குஞ்சுகளே. சுவடிக் காப்பிலும் மேற்கூறிய வேறுபாடே நின்று வழிகாட்டும். கறையான் வெளியிருந்து வருவதாதலின், பெட்டியைச் சுவரினின்றும் தரையினின்றும் விலக்கி வைத்தால் அதனைத் தடுக்கலாம். துளைப்பூச்சி ஏட்டினுள்ளேயே பிறப்பதாதலின், பெட்டியை எத்துணை உயரத்தில் வைப்பினும் பயனில்லை. ஏட்டை அடிக்கடி அவிழ்த்துப் பார்த்தலும், புல்லெண்ணெய் பூசலும், படியெடுத்தலுமே காப்பு.

இம்மாவட்டத்தின் பெயரோடு இணைந்த 'தகடூர் யாத்திரை' முழு நூலாக இன்று நமக்கு இல்லை. பிறநூல்களில் எடுத்தாளப்பட்ட சிற்சில பாடல்களே எஞ்சியுள்ளன. ஓலையில் எழுதிய நூல் தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டாலன்றி நில்லாது. எஞ்சியவை எஞ்சியது, யாரோ ஒருவர் ஏட்டை அவிழ்த்துப் பார்த்துப் படியெடுத்தமையாலேயாம்.

ஆகவே, தோப்பாயினும் நூல்நிலையமாயினும், மரத்தையோ ஏட்டையோ கெட்டது என்று கண்டவிடத்து மருந்தை நாடுமுன் 'இது செல்லரித்ததா, உளுத்ததா?' என்று வினவுவோமாக. அவ்வினாவிற்குரிய இரு சொற்களையும் நம் மொழி முன்னரே நம் கையில் தந்துள்ளது.